தேர்வாளரைத் தேர்ந்தெடுப்பது யார்? 1800-இல் அமெரிக்க மாநிலங்கள் முன் இருந்த மூன்று வழிகள்

1800 ஜனவரி 12 அன்று தாமஸ் ஜெஃபர்சன் பிலடெல்பியாவிலிருந்து வர்ஜீனியா ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் அப்போது துணை அதிபர். அந்த ஆண்டுக் கடைசியில் அதிபர் ஜான் ஆடம்ஸை எதிர்த்து நிற்கப் போகிறவர். கடிதத்தில் அவர் சொன்னது இது: அதிபருக்கு வாக்களிக்கும் தேர்வாளர்களைத் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுப்பதுதான் சிறந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனால் எல்லா மாநிலங்களும் அப்படிச் செய்ய வேண்டும். பத்து மாநிலங்கள் சட்டமன்றம் வழியாகவோ மாநிலம் முழுக்க ஒரே பட்டியலாகவோ தேர்ந்தெடுக்கும்போது, மீதி ஆறும் அதைச் செய்யாமல் இருப்பது முட்டாள்தனம், அதைவிடவும் மோசம்.

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றி நான் படித்தவற்றில் இந்த ஒரு வாக்கியம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கைவிடச் சொல்லித்தான் கடிதமே எழுதினார். அவர் சொன்னது தவறு என்றும் சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. அன்று ஒவ்வொரு மாநிலத்தின் கையிலும் இருந்த மூன்று வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருடைய சிக்கல் புரியும்.

முதலில் அடிப்படை. அமெரிக்க மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, தேர்வாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடமோ, அதோடு இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் வருவது அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. இன்றைக்கும் இதுதான் கணக்கு. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு பேருக்கு வாக்களிக்க வேண்டும், அதில் ஒருவராவது வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும். இவருக்கு அதிபர் பதவி, அவருக்குத் துணை அதிபர் பதவி என்று பிரித்துக் குறிக்க வழியில்லை. அதிக வாக்கும் பெரும்பான்மையும் பெற்றவர் அதிபர், அடுத்து வந்தவர் துணை அதிபர். தேர்வாளர்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதும் கிடையாது. அந்தந்த மாநிலத்தவர் அங்கேயே ஒரே நாளில் கூடி வாக்களித்து, தாளில் முத்திரை வைத்துத் தலைநகருக்கு அனுப்பிவிடுவார்கள்.

சரி, அந்தத் தேர்வாளர்களை யார் தேர்ந்தெடுப்பது? அரசியலமைப்பு இதற்கு விடை சொல்லவில்லை. மாநிலச் சட்டமன்றம் எப்படிச் சொல்கிறதோ அப்படி என்று எழுதி விட்டுவிட்டார்கள். அரசியலமைப்பை எழுத 1787 கோடையில் பிலடெல்பியாவில் கூடியவர்கள் இந்த விஷயத்தில் பலமுறை முட்டி மோதிக் களைத்துப்போயிருந்தார்கள். காங்கிரஸே தேர்ந்தெடுக்கட்டும் என்றது வர்ஜீனியா கொண்டுவந்த திட்டம். ஆளுநர்கள் கூடித் தேர்ந்தெடுக்கட்டும் என்றார் எல்பிரிட்ஜ் ஜெர்ரி. மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஜேம்ஸ் வில்சன் சொன்னபோது, அது கண் தெரியாதவரிடம் நிறம் பார்க்கச் சொல்வது மாதிரி என்று ஜார்ஜ் மேசன் மறுத்தார். கடைசியில் செப்டம்பரில், மாநிலத்துக்கு ஒருவராக இருந்த ஒரு குழு தேர்வாளர் முறையைக் கொண்டுவந்தது. எப்படி நியமிப்பது என்ற கேள்வியை மாநிலங்களின் பக்கம் தள்ளியதால்தான் அது சீக்கிரம் கரையேறியது.

முதல் வழி, சட்டமன்றமே தேர்ந்தெடுப்பது. மூன்றில் செலவு குறைந்தது, வேகமானது. குதிரையும் படகும்தான் போக்குவரத்து, 1792 சட்டப்படி டிசம்பர் முதல் புதன்கிழமைக்கு முந்தைய 34 நாட்களுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்ற நிலையில், ஏற்கெனவே கூடியிருக்கும் சபை ஒரு தீர்மானம் போட்டுப் பெயர்களை அறிவித்துவிடுவது லேசான காரியம். 1800-இல் இருந்த 16 மாநிலங்களில் ஐந்தில் மட்டுமே வாக்காளர்கள் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவற்றில் சட்டமன்றம்தான். டென்னசி மட்டும் இன்னும் சுற்றிவளைத்தது: சட்டமன்றம் ஒவ்வொரு கவுண்டிக்கும் (மாவட்டம் போன்ற பிரிவு) மூன்று பேரை நியமிக்கும், அவர்கள் கூடித் தேர்வாளரைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்த வழியின் கோளாறு முதல் தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. நியூயார்க் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள், இரண்டும் எதிரெதிர்த் தரப்பின் கையில். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே ஒத்துப்போக முடியவில்லை, நாள் கடந்துவிட்டது. 1789-இல் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 69 தேர்வாளர்களும் ஒருமனதாக வாக்களித்தார்கள், அவர் பதவியேற்றதும் நியூயார்க் நகரில்தான். ஆனால் நியூயார்க்கின் எட்டு வாக்குகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பதினோரு ஆண்டுகள் கழித்துப் பென்சில்வேனியாவிலும் இதே இழுபறி. மேலவை ஆடம்ஸின் கட்சியான ஃபெடரலிஸ்ட்களிடம், கீழவை ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்களிடம். (இந்த ரிபப்ளிகன்களுக்கும் இன்றைய ரிபப்ளிகன் கட்சிக்கும் தொடர்பில்லை.) கடைசி நேரத்தில் எட்டு உனக்கு, ஏழு எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய மாநிலத்தின் 15 வாக்குகள் தேர்தல் முடிவில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசமாகச் சுருங்கிவிட்டன.

இதைவிடப் பெரிய குறை, தேர்தல் எப்போது நடக்கிறது என்பதே மறைந்துபோவது. நியூயார்க்கில் அதிபர் தேர்தல் டிசம்பரில் அல்ல, 1800 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் நடந்த சட்டமன்றத் தேர்தலிலேயே முடிந்துவிட்டது. ஜெஃபர்சன் கட்சியின் ஏரன் பர் நியூயார்க் நகரத்தின் இடங்களைப் பிடித்தார், சட்டமன்றம் கை மாறியது, 12 தேர்வாளர்களும் ஜெஃபர்சன் பக்கம் போனார்கள். பாலத்துக்கும் சாலைக்கும் வரிக்கும் என்று உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிற வாக்காளர், அதே வாக்கால் நாட்டின் அதிபரையும் தீர்மானிக்கிறார். பிரித்துச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை. 1812-இல் நியூஜெர்சியில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. மக்கள் வாக்களிக்க இன்னும் சில நாட்களே இருக்கும்போது, புதிதாக வந்த சட்டமன்றம் அந்தத் தேர்தலை ரத்துசெய்துவிட்டுத் தானே தேர்வாளர்களை நியமித்துக்கொண்டது. சட்டப்படி அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு இந்த முதல் வழியை ஏற்கவே முடியாததற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது வழி தொகுதிவாரித் தேர்தல். மாநிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வாக்காளர்கள் ஒரு தேர்வாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். வர்ஜீனியா 1796-இல் இப்படித்தான் 21 பேரைத் தேர்ந்தெடுத்தது. தேர்வாளர் உள்ளூர்க்காரர், வாக்காளருக்கு முகம் தெரிந்தவர். வர்ஜீனியாவின் மற்றத் தேர்தல்களில் அன்று தாள் கிடையாது. நீதிமன்றக் கட்டடத்தில் மேசைக்கு முன்னால் போய் நின்று, ஊரார் கேட்க, வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்பாளரும் பெரும்பாலும் அங்கேயே இருப்பார், எழுந்து நன்றி சொல்வார். ஆளைப் பார்த்து வாக்களித்துப் பழகிய அந்த மக்களுக்குத் தொகுதிமுறை கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம், மாநிலத்தில் சிறுபான்மையாக இருக்கும் கருத்துக்கும் அதில் குரல் உண்டு.

அந்தக் குரல்தான் 1796-இல் முடிவையே மாற்றியது. ஜெஃபர்சனின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவில் லெவின் பவல் என்ற ஒரு தேர்வாளர் ஆடம்ஸுக்கு வாக்களித்தார். வட கரோலினாவிலும் தொகுதிமுறை. அங்கும் ஆடம்ஸுக்கு ஒரு வாக்கு. முடிவு: ஆடம்ஸ் 71, ஜெஃபர்சன் 68. மொத்தம் 138 தேர்வாளர்கள், பெரும்பான்மைக்கு 70 வேண்டும். அந்த இரண்டு வாக்குகளை இந்தப் பக்கம் எடுத்து வைத்துப் பாருங்கள்: ஆடம்ஸ் 69, ஜெஃபர்சன் 70. இரண்டு தென் மாநிலங்கள் தங்கள் சிறுபான்மையையும் மதித்ததால் ஜெஃபர்சன் தோற்றார். அதே தேர்தலில் வடக்கே நியூ இங்கிலாந்து மாநிலங்களிலிருந்து அவருக்கு ஒரு வாக்குகூட வரவில்லை.

தொகுதிமுறையிலும் ஒரு பொத்தல் உண்டு. எல்லைக் கோட்டைப் போடுபவர் யார்? 1787-இல் ஆளுநர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்றாரே, அதே எல்பிரிட்ஜ் ஜெர்ரி 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது, தன் கட்சிக்குச் சாதகமாக வளைத்து நெளித்த ஒரு செனட் தொகுதி வரைபடத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற, பல்லி போன்ற உயிரினத்தின் வடிவில் இருந்ததால் ‘ஜெரிமாண்டர்’ என்ற சொல்லே பிறந்தது. ஆனாலும் தொகுதி எல்லையை வளைத்து இரண்டு மூன்று இடங்களைத் திருடுவதையும், ஒரே தீர்மானத்தில் எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்வதையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது வழி, மாநிலம் முழுக்க ஒரே பட்டியல். ஒவ்வொரு கட்சியும் முழுப் பட்டியலை முன்வைக்கும், மாநிலம் முழுவதும் அதிக வாக்கு பெற்றவர்கள் தேர்வாளர்கள். நடைமுறையில் ஜெயித்த கட்சிக்கே அத்தனையும். இன்று 48 மாநிலங்களில் நாம் பார்ப்பது இதுதான், அதனால் இதுவே இயல்பு என்று தோன்றிவிடுகிறது. அன்று இது விசித்திரமான ஏற்பாடு. 1796-இல் பென்சில்வேனியா வாக்காளர் என்ன செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? அச்சடித்த சீட்டு செல்லாது. ஒரு தாளை எடுத்து 15 பெயர்களையும் கையால் எழுதிப் போட வேண்டும். ஒரு பண்ணையில் உழுதுகொண்டிருப்பவர், தான் பார்த்தே இராத 15 பேரின் பெயரை எங்கிருந்து எழுதுவார்? ரிபப்ளிகன் தரப்பில் ஜான் பெக்லி என்பவர் இதற்கு வழி கண்டுபிடித்தார். காங்கிரஸ் பிரதிநிதிகள் சபையின் எழுத்தராக இருந்தவர் அவர். வீட்டாரையும் நண்பர்களையும் உட்காரவைத்து ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கையால் எழுதி, ஆட்கள் மூலம் மாநிலத்தின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்பினார். வாக்காளர் வாங்கி அப்படியே பெட்டியில் போட்டால் போதும். 15-இல் 13 இடங்கள் அவர் கட்சிக்குக் கிடைத்தன.

கட்சி அமைப்பு இல்லாமல் இந்த மூன்றாவது வழி ஓடவே ஓடாது என்பதை அந்தச் சீட்டுகள் காட்டிவிட்டன. தேர்வாளர் யார் என்பது முக்கியமில்லை, எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். அதே பென்சில்வேனியாவில் ஃபெடரலிஸ்ட் பட்டியலில் தேர்வான சாமுவேல் மைல்ஸ் ஜெஃபர்சனுக்கு வாக்களித்தபோது, அந்தக் கட்சிக்காரர் ஒருவர் பத்திரிகையில் கொதித்தார்: அதிபர் யார் என்று எனக்காக முடிவுசெய்யவா மைல்ஸைத் தேர்ந்தெடுத்தேன்? சொன்னதைச் செய்யத்தான் அனுப்பினேன், யோசிப்பதற்கு அல்ல! ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் பிலடெல்பியாவில் பலர் மனதில் வைத்திருந்த தேர்வாளர் வேறு. விவரம் தெரிந்தவர், நிதானமாக அலசி முடிவெடுப்பவர். அந்த மனிதர் இந்தப் பட்டியலில் காணாமல் போய்விட்டார்.

ஆனால் ஒரு மாநிலத்தின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இந்த வழியின் பலம் மறுக்க முடியாதது. மாநிலத்தின் எடை சிதறாமல் மொத்தமாக இறங்குகிறது. வாக்கும் மக்கள் கையிலேயே இருக்கிறது, சட்டமன்றத்துக்குப் போகவில்லை.

இப்போது வர்ஜீனியாவுக்கு வருவோம். அந்த ஜனவரியில் ரிச்மண்டில் கூடியிருந்த சட்டமன்றம் தொகுதிமுறையைக் கைவிட்டு ஒரே பட்டியலுக்கு மாறியது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது: முந்தைய ஆண்டு நடந்த காங்கிரஸ் தேர்தலில் வர்ஜீனியாவின் 19 இடங்களில் எட்டை ஃபெடரலிஸ்ட்கள் பிடித்திருந்தார்கள். மாற்றத்தின் பலன், 21 வாக்கும் ஜெஃபர்சனுக்கே. பதிலுக்கு மாசசூசெட்ஸ் தொகுதிமுறையை விட்டுச் சட்டமன்றத் தேர்வுக்குப் போனது. அங்கே 16-உம் ஆடம்ஸுக்கு. நியூ ஹாம்ப்ஷயரும் வாக்காளர்களிடமிருந்து உரிமையை எடுத்துக்கொண்டது. தொகுதிமுறையில் நின்ற மேரிலாந்து ஐந்துக்கு ஐந்து என்றும், வட கரோலினா எட்டுக்கு நான்கு என்றும் பிரிந்தன.

நாடு தழுவிய முடிவு: ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. வர்ஜீனியா பழைய முறையிலேயே இருந்து, ஐந்தே ஐந்து தொகுதிகள் ஆடம்ஸ் பக்கம் போயிருந்தால் 68, 70 என்று கணக்கு தலைகீழாகியிருக்கும். மாசசூசெட்ஸும் பழைய முறையிலேயே இருந்திருந்தால் ஜெஃபர்சனுக்கு அங்கே ஒன்றிரண்டு கிடைத்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும், யார் அதிபர் என்பதை மக்களின் மனமாற்றத்தை விட மாநிலங்களின் விதிமாற்றமே அதிகம் தீர்மானித்தது என்பது என் முடிவு.

இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது அவற்றுக்கு அடியில் கிடக்கும் ஒன்றைச் சொல்லாமல் போனால் ஒப்பீடே பொய்யாகிவிடும். 1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் சுதந்திர மக்கள் சுமார் 4.55 லட்சம், பென்சில்வேனியாவுக்குச் சுமார் 4.3 லட்சம். ஏறக்குறைய சமம். ஆனால் வர்ஜீனியாவுக்கு 21 தேர்வாளர்கள், பென்சில்வேனியாவுக்கு 15. காரணம், வர்ஜீனியாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த சுமார் 2.93 லட்சம் பேரில் ஐந்தில் மூன்று பங்கு அந்த மாநிலத்தின் கணக்கில் சேர்ந்தது. வாக்கு அவர்களுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்தவர்களின் வாக்குக்கு எடை கூடியது. 1787 கூட்டத்தில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் இதை ஒளிக்கவில்லை: மக்களே தேர்ந்தெடுப்பதுதான் தகுந்தது, ஆனால் வடக்கில் வாக்குரிமை பரவலாக இருக்கிறது, கறுப்பின மக்களின் எண்ணிக்கையால் தெற்குக்கு அப்படிப்பட்ட தேர்தலில் எந்தச் செல்வாக்கும் கிடைக்காது என்றார். தேர்வாளர் முறை அந்தத் தடையைத் தாண்டுவதற்கு வழி செய்தது. 73-க்கும் 65-க்கும் இடையே உள்ள எட்டு வாக்குகள் அந்த ஐந்தில் மூன்று கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்த அநீதி அப்படியே இருந்திருக்கும்.

விதியை மாற்ற மறுத்த ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். நியூயார்க் சட்டமன்றம் கைமாறியது தெரிந்ததும், மே 7 அன்று அலெக்சாண்டர் ஹாமில்டன் ஆளுநர் ஜான் ஜேவுக்கு எழுதினார்: பழைய சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்குள் அதைக் கூட்டுங்கள், தொகுதிமுறைக்கு மாற்றிவிடலாம். மார்ச் மாதத்தில் ரிபப்ளிகன்கள் இதே தொகுதிமுறையைக் கேட்டபோது மறுத்தது ஹாமில்டனின் கட்சிதான். ஜேவும் ஃபெடரலிஸ்ட்தான், தன் கட்சி தோற்பதில் அவருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் அவர் சட்டமன்றத்தைக் கூட்டவில்லை. கட்சி நோக்கத்துக்காக முன்வைக்கப்பட்ட ஏற்பாடு, இதை ஏற்பது எனக்குத் தகாது என்று கடிதத்தின் மேலேயே குறித்து வைத்துவிட்டார். அந்த ஆண்டு முழுவதும் நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒற்றைக் குறிப்புதான்.

ஜெஃபர்சனுக்கு 73 என்றேன். அவர் கட்சி துணை அதிபராக்க நினைத்த பர்ருக்கும் அதே 73. கட்சி கட்டுப்பாடாக இரண்டு பெயரையும் எழுதியதால் சமநிலை வந்துவிட்டது. அப்படி வந்தால் முடிவுசெய்ய வேண்டிய பிரதிநிதிகள் சபை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை 36 முறை வாக்களித்தது. மேரிலாந்தின் எட்டு உறுப்பினர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்திருந்தார்கள். அவர்களில் ஜோசப் நிக்கல்சனுக்குக் கடும் ஜுரம். பனியில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சபைக்குப் பக்கத்து அறையில் படுக்கவைத்தார்கள். மனைவி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு சுற்றிலும் படுக்கையிலிருந்தே ஜெஃபர்சன் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர் வராமல் இருந்திருந்தால் மேரிலாந்து பர் பக்கம் சாய்ந்திருக்கும். கடைசிச் சுற்றில் பத்து மாநிலங்களோடு ஜெஃபர்சன் ஜெயித்தார். 1804-இல் வந்த அரசியலமைப்பின் 12-ஆவது திருத்தம் அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனி வாக்கு என்று ஆக்கியது. தேர்வாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை மட்டும் அது தொடவே இல்லை.

என்னைக் கேட்டால், தொகுதிமுறைதான் சரி, எல்லா மாநிலங்களையும் ஒரே நாளில் கட்டுப்படுத்தும் விதியாக வந்தால். தனியாக ஒரு மாநிலம் அதைக் கடைப்பிடித்தால் எதிர்த்தரப்புக்கு இனாமாக வாக்குத் தருவதாகவே முடியும். அப்படித் தனித்து நிற்க வேண்டிய நிலையில், ஒரே பட்டியலுக்கு மாறியதற்காக வர்ஜீனியாவை நான் குறை சொல்ல மாட்டேன். குறைந்தது மக்கள் வாக்களித்தார்கள். மாசசூசெட்ஸும் நியூ ஹாம்ப்ஷயரும் மக்களிடமிருந்தே பறித்ததை அப்படி விட்டுவிட முடியாது. அந்த ஜனவரியில் ஆறு மாநிலங்களும் சேர்ந்து திருத்தத்துக்காகப் போராடியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். செனட் பின்னாளில் ஒருமுறைக்கு மேல் தொகுதிமுறைத் திருத்தத்தை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவே இல்லை. ஒரே பட்டியலால் பலன் பெறும் பெரிய மாநிலங்கள் அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

1800-இல் வர்ஜீனியா சட்டமன்றத்தில் உட்கார்ந்து அந்த மாற்றத்தை ஆதரித்தவர் மாடிசன். புதிய பட்டியலில் தேர்வாளராகவும் இருந்தார். 1823 ஆகஸ்டில், அதிபர் பதவியையும் முடித்துவிட்டு ஊரில் இருந்தபோது, ஜார்ஜ் ஹேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசியலமைப்பை எழுதியபோது எங்கள் மனதில் பெரும்பாலும் இருந்தது தொகுதிமுறைதான், சில மாநிலங்கள் முன்மாதிரி காட்டியதும் அவற்றை முறியடிக்க வேறு வழியில்லாமல்தான் மற்ற முறைகளுக்கு மாறினார்கள் என்று அதில் சொன்னார். தொகுதிமுறையைக் கட்டாயமாக்கும் திருத்தம் ஒன்றையும் முன்மொழிந்தார். அடுத்த தேர்தலில் ஆறு மாநிலங்களில் இன்னும் சட்டமன்றமே தேர்ந்தெடுத்தது. 1828-இல் அது இரண்டாகக் குறைந்தது, 1832-இல் தென் கரோலினா மட்டும். அந்த ஆண்டு தொகுதிவாரியாக வாக்களித்த ஒரே மாநிலம் நிக்கல்சனின் மேரிலாந்து. ஹென்றி கிளேக்கு ஐந்து, ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு மூன்று என்று அதன் வாக்குகள் பிரிந்தன. 1836-இல் மேரிலாந்தும் ஒரே பட்டியலுக்கு மாறிக்கொண்டது.